கட்டம் கொள்ளாத மரணங்கள்: தரவுத்தளத் தேர்வு குறித்துச் சில குறிப்புகள்

1

"தோழர், இந்தக் கட்டத்துல என்ன எழுதறது?" என்று அந்த இளைஞர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. கழிவுநீர்த் தொட்டிகளிலும் பாதாளச் சாக்கடைகளிலும் விஷவாயு தாக்கி இறந்தவர்கள் பற்றிய பதிவேடு ஒன்றை நாங்கள் சிலர் சேர்ந்து தயாரித்துக்கொண்டிருந்தோம். கட்டத்தின் தலைப்பு 'வேலை கொடுத்தவர்'. அந்தச் சம்பவத்தில் இறந்தவர்கள் இருவர். முதலாமவரைத் தொட்டிக்குள் இறக்கியது ஒரு துணை ஒப்பந்தக்காரர். இரண்டாமவரை யாரும் இறக்கவில்லை. முதலாமவர் மயங்கி விழுந்ததைப் பார்த்துத் தூக்கிவிடப் போன பக்கத்துத் தெருக்காரர் அவர். அவருக்கு வேலை கொடுத்தவர் யார்? கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போக மறுக்கிறது. இளைஞர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 'தெரியாது' என்று அடித்தார். வேறொரு படிவத்தில் 'இல்லை' என்று அடித்திருந்தார். இன்னொன்றில் வெறும் கோடு. மற்றொன்றில் 'சொல்ல பயப்படறாங்க'.

நான்கும் ஒன்றல்ல. நான்கு வகையான மௌனங்கள். ஆனால் கட்டத்துக்கு நான்கும் ஒன்றுதான்.

இந்தப் பதிவேடு வெறும் ஆவணப்படுத்தும் ஆசையிலிருந்து வந்ததல்ல. 1993 முதல் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி வேலையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்தையும் கண்டறிந்து 10 லட்ச ரூபாய் வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் வந்த இன்னொரு தீர்ப்பு அத்தொகையை 30 லட்சமாக்கியது. ஆக, பட்டியலில் பெயர் இருக்கிறதா இல்லையா என்பது ஒரு குடும்பத்தின் வாழ்வு பற்றிய கேள்வி. பட்டியலில் யார் இடம்பெறலாம் என்பதைக் கட்டங்களின் வடிவம் தீர்மானிக்கிறது என்றால், கட்டத்தின் வடிவம் தொழில்நுட்பர்களின் உள்விவகாரமாக மட்டும் இருக்க முடியாது. இந்தக் கட்டுரையை நான் எழுத நேர்ந்த காரணம் இதுவே. நான் கணினிக்காரன் அல்ல. எழுதுகிறவன். பட்ட அடிகளிலிருந்து கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

2

முதலில் அட்டவணைக்கு நியாயம் செய்துவிட வேண்டும். நம்மவர்களுக்கு அட்டவணை என்றாலே காலனிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, போலீஸ் பதிவேடு என்றுதான் நினைவு ஓடும். அது தவறும் அல்ல. ஆனால் இன்று நாம் பயன்படுத்துகிற தொடர்புசார் தரவுத்தளம் வேறொரு இடத்தில் பிறந்தது. 1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்த எட்கர் காட் என்ற கணிதவியலாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன்பிருந்த முறைகளில் தகவல்கள் ஒரு மரத்தின் கிளைகளைப் போலவோ சங்கிலியைப் போலவோ அடுக்கப்பட்டிருந்தன. எந்தக் கிளை வழியே ஏற வேண்டும் என்று தெரிந்த நிரலாளர் மட்டுமே தகவலை எடுக்க முடியும். காட் சொன்னது இதுதான்: தகவல் உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது கேட்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் வரிசை வரிசையாக, அட்டவணைகளாக வையுங்கள். எந்த அட்டவணையை எதனோடு இணைப்பது என்பதைக் கேட்கிறவர் கேட்கும்போது முடிவு செய்துகொள்ளட்டும்.

இதன் பொருளை நாம் அலட்சியப்படுத்தக் கூடாது. தகவலைச் சேர்க்கும்போது யாரும் நினைத்துப் பார்த்திராத கேள்வியைப் பத்து வருஷம் கழித்து ஒருவர் கேட்கலாம். அட்டவணை அதை அனுமதிக்கிறது. போதாததற்கு, ஒரு தகவலை ஒரே இடத்தில் வைப்பது, நான்கு மாற்றங்கள் சேர்ந்து நடக்க வேண்டுமென்றால் நான்கும் நடக்கும் அல்லது ஒன்றுகூட நடக்காது என்ற உத்தரவாதம், இவையும் உண்டு. வங்கிக் கணக்கு இன்றும் இந்த உத்தரவாதத்தில்தான் நிற்கிறது.

ஆனால் காலிக் கட்டம்? அதற்கு எஸ்.க்யூ.எல். மொழியில் 'நல்' என்று பெயர். அது சுழியம் அல்ல, வெற்றுச் சொல்லும் அல்ல, 'அறியப்படவில்லை' என்பதன் குறி. ஆகவே உண்மை, பொய் என்ற இரண்டோடு 'தெரியவில்லை' என்ற மூன்றாவது மதிப்பும் அந்த மொழியின் தர்க்கத்தில் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? நடைமுறையில் என்ன ஆகிறது பாருங்கள். 'வேலை கொடுத்தவர் ஒப்பந்தக்காரர்' என்கிற வரிசைகளைக் கேட்கிறோம். நல் வரிசைகள் வராது, சரி. 'வேலை கொடுத்தவர் ஒப்பந்தக்காரர் அல்லாதவர்' என்கிற வரிசைகளைக் கேட்கிறோம். அப்போதும் அவை வராது! தெரியாத ஒன்று ஒப்பந்தக்காரர் அல்ல என்று எப்படிச் சொல்வது என்பது கணினியின் வாதம். இரண்டு எண்ணிக்கையையும் கூட்டினால் மொத்தம் குறைகிறது. தூக்கிவிடப் போய்ச் செத்தவர் இரண்டு பட்டியலிலும் இல்லை. இதைத் தடுக்க வழி உண்டு. நல்களைத் தனியே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஆனால் இல்லாதவர்களைத் தேடித் தனியாகக் கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

3

எங்கள் நண்பர் வட்டத்தில் ஒரு பொறியாளர் உண்டு. "இதெல்லாம் பழைய முறைங்க. நோ எஸ்.க்யூ.எல்.னு ஒண்ணு இருக்கு. கட்டமே கிடையாது. ஒவ்வொரு சாட்சியமும் அது அது எப்படி இருக்கோ அப்படியே உள்ள போயிடும்" என்றார். எனக்கு உடனே உற்சாகம் தொற்றிக்கொண்டது. மையமற்றது, பன்மையானது, முன்னமைந்த ஒழுங்கை மறுப்பது. நாம் எத்தனை வருஷமாக எழுதிவந்த வார்த்தைகள்! அட்டவணை என்கிற பெருங்கதையாடல் தகர்ந்து சிறுகதையாடல்கள் மலர்கின்றன என்று ஒரு கட்டுரையே எழுதிவிடலாம் போலிருந்தது. நல்லவேளை எழுதவில்லை.

ஏனெனில் இந்தத் தரவுத்தளங்களின் பிறப்பு விளிம்பில் நிகழ்ந்ததல்ல. 2006இல் கூகுள் தன் 'பிக்டேபிள்' பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டது. 2007இல் அமேசான் 'டைனமோ' பற்றி எழுதியது. 2008இல் ஃபேஸ்புக் தனக்காக உருவாக்கிய 'கசாண்ட்ரா'வைத் திறந்த மூலமாக வெளியிட்டது. 2009இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு கூட்டத்துக்கு வைத்த பெயர்தான் 'நோ எஸ்.க்யூ.எல்.' என்று பரவியது. அதே பெயரை 1998இலேயே கார்லோ ஸ்ட்ராஸி என்பவர் தமது தரவுத்தளத்துக்கு வைத்திருந்தார். வேடிக்கை என்னவென்றால் அது அட்டவணைகளைக் கொண்ட தொடர்புசார் தரவுத்தளமே, எஸ்.க்யூ.எல். மொழி மட்டும்தான் அதில் இல்லை. பிற்பாடு 'எஸ்.க்யூ.எல். மட்டுமல்ல' என்று பெயருக்கு வேறு விளக்கமும் தரப்பட்டது.

பெருநிறுவனங்கள் அட்டவணையைக் கைவிட்டது பன்மையின் மீதான காதலால் அல்ல. ஒரே பெரிய கணினியில் கொள்ளாத அளவு தகவல் சேர்ந்தது. ஆயிரக்கணக்கான சிறு கணினிகளில் பிரித்து வைக்க வேண்டியிருந்தது. அப்படிப் பிரித்துவிட்டால் அட்டவணைகளைக் குறுக்கே இணைப்பது செலவு பிடித்த காரியம். ஆகவே இணைப்பை விட்டார்கள், வேகத்தை எடுத்தார்கள். மையமின்மை இங்கே மூலதனத்தின் தேவை. சொற்கள் ஒன்றாக ஒலிப்பதாலேயே அரசியலும் ஒன்றாகிவிடாது என்பது தத்துவம் பேசுகிற நமக்கும் ஒரு பாடம்.

4

நோ எஸ்.க்யூ.எல். என்பது ஒரே பொருளின் பெயரல்ல. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பலவற்றை 'இது அது அல்ல' என்ற எதிர்மறையால் கட்டிய மூட்டை. மூட்டையைப் பிரித்தால் நான்கு வகைகள் தேறும்.

ஒன்று, சாவி-மதிப்பு வகை. ரயில் நிலையத்தில் பை வைக்கும் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். டோக்கனைக் கொடுத்தால் பை வரும். பைக்குள் என்ன இருக்கிறது என்று அறைக்காரருக்குத் தெரியாது. 'சிவப்புச் சட்டை இருக்கிற பைகளையெல்லாம் எடு' என்று கேட்க முடியாது. 2009இல் சால்வதோரே சான்ஃபிலிப்போ வெளியிட்ட 'ரெடிஸ்' இவ்வகையில் பெயர் பெற்றது. அதன் பைகளுக்குள் பட்டியல், கணம், எண்ணி என்று சில அறைகளும் உண்டு. எல்லாவற்றையும் கணினியின் நினைவகத்திலேயே வைத்திருப்பதால் அபார வேகம். வட்டில் எழுதிவைக்கும் வசதி உண்டு. ஆனால் வழக்கமான அமைப்பில் விநாடிக்கு ஒருமுறை எழுதினால், மின்சாரம் போகும்போது கடைசி ஒரு விநாடித் தகவல் போகலாம். யார் உள்ளே நுழைந்திருக்கிறார், எத்தனை பேர் பார்த்தார்கள், அடுத்து செய்ய வேண்டிய வேலை என்ன என்பன போன்றவற்றுக்கு இது போதும். சாட்சியத்துக்குப் போதாது.

இரண்டு, ஆவண வகை. 'மோங்கோ டிபி', 'கவுச் டிபி' இதில் சேரும். ஒவ்வொரு பதிவும் தனி ஆவணம். அதற்குள் பெயர், தேதி, பிள்ளைகளின் பட்டியல், பிள்ளைகளுக்குள் அவர்களுடைய படிப்பு என்று அடுக்கடுக்காக வைக்கலாம். ஒரு ஆவணத்தில் இருக்கிற புலம் இன்னொன்றில் இருக்க வேண்டியதில்லை. சாவி மூலம் மட்டுமல்லாமல் உள்ளே இருப்பதைக் கொண்டும் தேடலாம். ஒன்றாகவே வாசிக்கப்படுகிற, தனக்குள் முழுமையான பொருள்களுக்கு இது ஏற்றது: ஒரு சாட்சியம், ஒரு கட்டுரை, ஒரு நோயாளியின் வருகைக் குறிப்பு.

மூன்று, அகன்ற நிரல் வகை. கசாண்ட்ரா, ஹெச்பேஸ். ஓயாமல் வந்து குவியும் எழுத்துகளுக்கானது. ஆயிரம் இடங்களில் பொருத்திய கருவிகள் நிமிஷத்துக்கு நிமிஷம் அனுப்பும் அளவுகள், கோடிக்கணக்கானவர்களின் செய்திகள். கசாண்ட்ராவில் தலைமைக் கணினி என்று ஒன்று கிடையாது; எந்தக் கணினி விழுந்தாலும் மற்றவை தாங்கும். விலை என்ன? என்ன கேள்வி கேட்கப்போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்து, அந்தக் கேள்விக்கென்றே நிரல்களை அமைக்க வேண்டும். புதுக் கேள்வி வந்தால் பெரும்பாலும் அதே தகவலை இன்னொரு வடிவில் மீண்டும் எழுதி வைக்க வேண்டும். 1970இல் காட் எதிலிருந்து நம்மை விடுவித்தாரோ அதே இடம்!

நான்கு, வலைப்பின்னல் வகை. ஆளும் ஆளும், ஆளும் நிறுவனமும் எப்படித் தொடர்புபட்டிருக்கிறார்கள் என்பதே இங்கு முதன்மைத் தகவல். 2016இல் வெளியான பனாமா ஆவணங்கள் நினைவிருக்கும். 1 கோடியே 15 லட்சம் கோப்புகள், 2.6 டெராபைட். சர்வதேசப் புலனாய்வுப் பத்திரிகையாளர் கூட்டமைப்பு அவற்றிலிருந்த பெயர்களையும் நிறுவனங்களையும் முகவரிகளையும் 'நியோ ஃபோர் ஜே' என்ற இவ்வகைத் தரவுத்தளத்தில் ஏற்றித் தொடர்புகளைத் தேடியது. இந்த அமைச்சரிடமிருந்து அந்தத் தீவின் நிறுவனத்துக்கு எத்தனை கை மாறிப் போகலாம் என்ற கேள்வியை அட்டவணையிலும் கேட்கலாம். ஆனால் ஒவ்வொரு கைமாற்றமும் இன்னொரு இணைப்பு. எத்தனை இணைப்பு என்று முன்கூட்டித் தெரியாதபோது அட்டவணை திணறும்.

5

அடுத்து, எல்லோரும் மேற்கோள் காட்டிக் குழப்புகிற ஒரு தேற்றம். 2000இல் எரிக் பிரூவர் ஓர் ஊகமாக முன்வைத்தார். 2002இல் கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் நிறுவினார்கள். கதையாகச் சொல்கிறேன். ஒரு சங்கத்துக்கு இரண்டு ஊர்களில் அலுவலகம். இரண்டிலும் ஒரே உறுப்பினர் பட்டியலின் நகல். ஒரு ஊரில் மாற்றினால் உடனே மறு ஊருக்குத் தகவல் சொல்லிவிடுவார்கள். ஒரு நாள் தொலைபேசிக் கம்பி அறுந்துவிடுகிறது. அப்போது ஒருவர் வந்து 'என் முகவரியை மாத்துங்க' என்கிறார். அலுவலகத்துக்கு இரண்டே வழி. 'கம்பி சரியாகட்டும், அப்புறம் வாங்க' என்று திருப்பி அனுப்பலாம். பட்டியல்கள் ஒன்றாக இருக்கும், வந்தவருக்கு வேலை நடக்காது. அல்லது மாற்றிக்கொடுத்துவிடலாம், வேலை நடக்கும், இரண்டு ஊரிலும் இரண்டு உண்மை இருக்கும்.

ஒருமை, கிடைப்பு, துண்டிப்பைத் தாங்குதல் என்ற மூன்றில் ஏதேனும் இரண்டைத் தேர்ந்துகொள்ளலாம் என்று இதைச் சுருக்கிச் சொல்கிறார்கள். அது சரியல்ல என்று பிரூவரே 2012இல் எழுதினார். கம்பி அறுவதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, அது அறுந்துவிடும். அறுந்தபோது எதை விடுவது என்பதே தேர்வு. அமேசானின் டைனமோ, கடைக்கூடையை எப்போதும் ஏற்றுக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. அதனால் வாடிக்கையாளர் நீக்கிய பொருள் சில சமயம் கூடையில் திரும்பவும் தோன்றலாம் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். வியாபாரிக்கு அது பெரிய நஷ்டமல்ல.

கம்பி சரியான பிறகு இரண்டு உண்மையை என்ன செய்வது? கசாண்ட்ராவில் நேரமுத்திரை பிந்தியது வெல்லும். கடைசியில் பேசியவர் பேச்சே நிற்கும். முந்தியது சத்தமில்லாமல் போய்விடும். கவுச் டிபி வேறு மாதிரி. எல்லா இடங்களிலும் ஒரே விதிப்படி ஒரு பதிப்பை வென்றதாகக் காட்டும். ஆனால் தோற்ற பதிப்பையும் வீசாமல் 'முரண்' என்று குறித்து வைத்திருக்கும். மனிதர் வந்து பார்த்துத் தீர்க்கும்வரை அது கிடக்கும். ஒரே சம்பவத்தை இரு தொண்டர்கள் இரு கைபேசிகளில் திருத்தியபோது எங்களுக்கு இது உயிர்காத்தது. ஒருவர் 'கயிறு கொடுக்கவில்லை' என்று எழுதியிருந்தார், மற்றவர் 'கயிறு இருந்தது, அறுந்துவிட்டது' என்று. இரண்டில் எது நின்றாலும் வழக்கு வேறாகியிருக்கும். முரண் தெரிந்ததால் மறுபடி போய்க் கேட்டோம்.

6

கதையின் நடுவில் ஒரு தோல்வி இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் முதலில் பொறியாளர் நண்பரின் பேச்சைக் கேட்டு எல்லாவற்றையும் மோங்கோவுக்கு மாற்றினோம். முதல் ஆறு மாதம் கொண்டாட்டம்தான். எந்தக் கட்டமும் யாரையும் மறிக்கவில்லை. பிறகு ஒரு வழக்கறிஞர் கேட்டார்: "இழப்பீடு முழுசா கிடைக்காத குடும்பங்கள், வருஷவாரியா ஒரு பட்டியல் கொடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

உட்கார்ந்தோம். ஒரு ஆவணத்தில் 'இறந்த தேதி', இன்னொன்றில் 'மரண நாள்', மற்றொன்றில் 'தேதி' (எந்தத் தேதி?). இழப்பீட்டில் ஒருவர் எண்ணாக எழுதியிருந்தார். ஒருவர் '10 லட்சம்' என்றும், இன்னொருவர் 'பாதி வந்தது' என்றும். வெள்ளிக்கிழமை போனது. அடுத்த வெள்ளிக்கிழமையும் போனது. மூன்று பேர் ராத்திரி பகலாக ஒவ்வொரு ஆவணமாகத் திறந்து ஒரு அட்டவணை தயாரித்தோம். ஆம், அட்டவணை.

நான் புரிந்துகொண்டது இது. ஒழுங்கு மறைவதில்லை, இடம் மாறுகிறது. அட்டவணையில் அது வாசலில் நின்று ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேள்வி கேட்கிறது. ஆவணத் தரவுத்தளத்தில் வாசல் திறந்திருக்கிறது. ஆனால் வாசிக்கும் நிரலுக்குள், தட்டச்சு செய்கிறவரின் பழக்கத்துக்குள், யாரும் எழுதிவைக்காத உடன்பாடுகளுக்குள் அது போய் ஒளிந்துகொள்கிறது. வாசலில் நிற்கிற அதிகாரத்தோடு சண்டை போடலாம். ஒளிந்திருப்பதோடு எப்படிப் போடுவது? மோங்கோவும் பின்னர் விதிகளை எழுதிவைக்கும் வசதியைத் தந்தது. அட்டவணைக்காரர்களின் போஸ்ட்கிரெஸ் 2014இல் அட்டவணைக்குள்ளேயே ஆவணத்தை வைத்துத் தேடும் வசதியைக் கொண்டுவந்தது. எதிரெதிர் முகாம்கள் ஒன்றையொன்று நோக்கி நடந்துகொண்டிருக்கின்றன. முகாம் பார்த்துச் சேர்வது இனி உதவாது.

7

இயக்கங்களில் இருப்பவர்கள் கூடுதலாக இரண்டு விஷயங்கள் பார்க்க வேண்டும். ஒன்று உரிமம். திறந்த மூலம் என்று நம்பிச் சேர்ந்த வீட்டில் சாவி மாற்றப்படலாம். மோங்கோ 2018இல் தன் உரிமத்தை மாற்றியது. ரெடிஸ் 2024 மார்ச்சில் மாற்றியபோது, பழைய உரிமத்தின் கீழிருந்த நிரலை எடுத்துப் பலர் சேர்ந்து 'வால்கீ' என்று தனிக்குடித்தனம் போனார்கள். 2025இல் ரெடிஸ் மீண்டும் ஒரு திறந்த மூல உரிமத்தைச் சேர்த்துக்கொண்டது. கவுச் டிபியும் கசாண்ட்ராவும் அப்பாச்சி அறக்கட்டளையின் கீழ் இருக்கின்றன. எந்த ஒரு நிறுவனமும் தனியாக உரிமத்தை மாற்றிவிட முடியாது.

மற்றது பூட்டு. 2017 ஜனவரியில் இணையத்தில் பூட்டின்றிக் கிடந்த பல்லாயிரம் மோங்கோ தரவுத்தளங்களை யாரோ அழித்துவிட்டுப் பணம் கேட்டார்கள். கடவுச்சொல் வைக்காமல், வெளியிலிருந்து யாரும் அணுகும்படி நிறுவியிருந்ததுதான் காரணம். அந்த ஆண்டு வந்த பதிப்பிலிருந்து, நிறுவிய கணினிக்கு மட்டுமே திறந்திருக்கும் என்பது இயல்பு அமைப்பாயிற்று. வியாபாரியின் பட்டியல் வெளியானால் அபராதம். ஒப்பந்தக்காரருக்கு எதிராகச் சாட்சி சொன்ன பெண்ணின் விலாசம் வெளியானால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

8

சரி, எதைத்தான் எடுப்பது? எந்தத் தரவுத்தளம் சிறந்தது என்று ஆரம்பிக்காதீர்கள். நான் இப்போது யாராவது கேட்டால் ஐந்து கேள்விகள் திருப்பிக் கேட்கிறேன். நாளைக்கு என்ன கேள்வி வரும் என்று இன்றைக்கே தெரியுமா? தெரியாதென்றால் அட்டவணைதான் பாதுகாப்பு. ஒரு பதிவு இன்னொன்றைப் போல இருக்கிறதா, இல்லை ஒவ்வொன்றும் ஒரு மாதிரியா? ஒவ்வொன்றும் ஒரு மாதிரி என்றால், எப்போதும் முழுதாகவே வாசிக்கப்படும் என்றால், ஆவணம். தொடர்பே பொருளா? அப்படியானால் வலைப்பின்னல். கம்பி அறுந்தால் காத்திருக்கலாமா, கூடாதா? கடைசியாக, நிஜமாகவே ஒரு கணினியில் கொள்ளாத அளவா? நம்மில் பெரும்பாலானோருக்கு இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் 'இல்லை'. சில ஆயிரம் பதிவுகளுக்குக் கசாண்ட்ரா வைப்பது, நான்கு பேர் சமைக்கக் கல்யாணக் கொப்பரை வாங்குவதுதான்.

நாங்கள் கடைசியில் செய்தது இது. தொண்டர்களின் கைபேசிகளில் கவுச் டிபியோடு ஒத்திசையும் ஒரு சிறு ஆவணத் தரவுத்தளம். சமிக்ஞை இல்லாத ஊரிலும் பதியலாம், திரும்பி வந்து இணைத்துக்கொள்ளலாம். சாட்சியம் சொன்னவர் சொன்னபடி, அவர் மொழியில், அங்கே இருக்கும். அலுவலகத்தில் போஸ்ட்கிரெஸ், அதில் இறந்தவர், சம்பவம், குடும்பம், வழக்கு, இழப்பீடு என்று தனித்தனி அட்டவணைகள். ஒப்பந்தக்காரர்களின் தொடர்புகளுக்கு நியோ ஃபோர் ஜே வைத்துப் பார்த்தோம். எங்கள் அளவுக்கு அட்டவணையே தாங்கியதால் விட்டுவிட்டோம். 'வேலை கொடுத்தவர்' என்ற கட்டம் இப்போது தனி அட்டவணை. ஒருவருக்கு யாரும் இல்லாமலும் இருக்கலாம், மூன்று பேர் அடுக்காகவும் இருக்கலாம். பக்கத்தில் இன்னொரு புலம்: 'ஏன் பதிவில்லை?' அதற்கு நான்கு விடைகள். தெரியாது. இல்லை. கேட்கவில்லை. சொல்ல அஞ்சுகிறார். அந்த நான்கையும் வகுத்தது பொறியாளர் அல்ல, முதலில் என்னைக் கேட்ட அந்த இளைஞர்தான்.

9

முடிக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சென்ற வருஷம் ஒரு அம்மா வந்தார். கணவரைத் தொட்டியில் இழந்தவர். "நான் சொன்னதையெல்லாம் அழிச்சிடுங்கய்யா. பையன் இப்ப அவங்ககிட்டதான் வேலைக்குப் போறான்" என்றார். அவர் சொல், அவர் உரிமை. அழித்தோம். அழித்ததாக நினைத்தோம்.

நகல்கள் பல இடங்களில் இருக்கும் தரவுத்தளத்தில் அழித்தல் என்பது ஒரு பொருளை நீக்குவதல்ல. 'இது நீக்கப்பட்டது' என்ற புதிய செய்தியை எல்லா நகல்களுக்கும் அனுப்புவது. அந்தச் செய்திக்கே கல்லறைக்கல் என்றுதான் பெயர். கசாண்ட்ராவில் அந்தக் கல் இயல்பாகப் பத்து நாள் காக்கப்படும். அதற்கு மேலும் தொடர்பற்றுக் கிடந்த ஒரு கணினி திரும்பி வந்தால், அழிக்கப்பட்டது உயிர்த்தெழக்கூடும். கவுச் டிபியில் உள்ளடக்கம் பிற்பாடு நடக்கும் சுருக்கலில் போய்விடும், கல் நிற்கும். கல்லில் ஆவணத்தின் அடையாளச் சாவி இருக்கும். நாங்கள் ஆரம்பத்தில் அறியாமல் செய்திருந்த காரியம், இறந்தவரின் பெயரையும் ஊரையும் சேர்த்து அந்தச் சாவியை உருவாக்கியிருந்தோம். அம்மாவின் வார்த்தைகள் போய்விட்டன. கணவர் பெயரும் ஊரும் ஒவ்வொரு கைபேசியிலும் கல்லில் பொறித்தாற்போல இருந்தன. முற்றாகக் களைய வழி உண்டு. ஆனால் அந்தக் களைதல் தானாக மற்ற நகல்களுக்குப் பரவாது. ஒவ்வொரு கைபேசியாக வாங்கிச் செய்ய வேண்டும்.

செய்தோம். ஒன்று மட்டும் பாக்கி. அதை வைத்திருந்த தொண்டர் வேலை தேடி வெளிமாநிலம் போயிருந்தார். அவர் ஊருக்கு வரும்வரை நான்கு மாதம் காத்திருந்தோம். இப்போது எங்கள் சாவிகள் வெறும் எண்களும் எழுத்துகளும் கலந்த அர்த்தமற்ற சரங்கள். புதிதாகப் பதிவேடு தொடங்குகிற தோழர்கள் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: சாவியில் ஆளின் பெயரை வைக்காதீர்கள். எப்படிச் சேர்ப்பது என்று திட்டமிடும் நாளிலேயே எப்படி அழிப்பது என்பதையும் எழுதிவையுங்கள்.

அந்த அம்மாவிடம் போய், "அழிச்சாச்சும்மா" என்று சொன்னேன். "அரசாங்கம் வச்சிருக்கிற லிஸ்ட்ல இருக்கும்ல? அது இருக்கட்டும்யா, அதை அழிச்சிடாதீங்க" என்றார். இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன் என்று வந்தேன். இல்லை. அதற்கான மனுவை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம்.